எங்கள் மேசையை மட்டும் தாண்டிப்போகும் மாமா

மார்ச் 3, ஞாயிறு

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தாலும் மாற்ற மாட்டேன்.

அம்மாவும் நானும் இன்று மதியமும் 'மஞ்சள் கிளி' உணவகத்தில்தான் சாப்பிட்டோம். அம்மாவுக்கு ஒரு பீர், எனக்குச் செம்பருத்திச் சாறு. பீரோடு சும்மா வரும் சின்னத் தட்டுகளில் பூசணிவிதைத் துவையலை நானே காலி செய்தேன். மூலை மேசையில் வில்பெர்த் மாமா, அம்மாவின் தம்பி.

அவர் எழுந்து வாசல்வரை ஒவ்வொரு மேசைக்கும் "நல்லா சாப்பிடுங்க" சொல்லிக்கொண்டே போனார். எங்கள் மேசை வந்ததும் கூரை விசிறியைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வதை அக்காவுக்குச் சொல்லக் கூடாதா?

"அப்படி என்னம்மா சண்டை?"

"சாப்பிடு, நிக்தே."

இரண்டு வருடமாக இதே பதில்.

மார்ச் 5

இந்தச் சண்டை தீர வேண்டும் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்ற உண்மையை எழுதிவிடுகிறேன். நான் பாதி படித்த ஒரு துப்பறியும் கதையின் இரண்டாம் பாகம் மாமாவிடம் இருக்கிறது. கொலைகாரன் யார் என்று தெரியாமல் இரண்டு வருடம்! ஆனால் அதற்காக மட்டும் இல்லை. முதல் பாகத்தை அவர்தான் ஆளுக்கொரு குரலில் வாசித்துக் காட்டினார்.

மார்ச் 10, ஞாயிறு

கை கழுவும் சாக்கில், பரிமாறும் மிர்னா அக்காவைப் பிடித்தேன்.

"மெரிதா ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதாடி?" என்று சிரித்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன், நான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது, இறந்தவர்கள் தினப் படையலுக்கு அம்மா வான்கோழி போட்டுக் கறுப்புக் குழம்பு வைத்தாளாம். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "நல்லா கருக்கிட்டேக்கா!" என்று சிரித்தாராம். அம்மா அவர் தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாளாம்.

"மிளகாயைக் கருக்காம அந்தக் குழம்பு கறுக்குமா? பாராட்டாவும் இருக்கலாம். யார் கண்டா?"

மார்ச் 11

பாராட்டா, கிண்டலா? அகராதி உதவவில்லை.

மார்ச் 17, ஞாயிறு – மஞ்சள் கிளி

மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவைக் கேட்காமல் கறுப்புக் குழம்பு சொல்லிவிட்டேன். முறைத்தாள். ஆனால் சாப்பிட்டாள். மாமா எழுந்தார். "நல்லா சாப்பிடுங்க... நல்லா சாப்பிடுங்க..." எங்கள் பக்கம் வந்ததும் – விசிறி.

"மாமா! அன்னைக்கு நீங்க சொன்னது பாராட்டா, கிண்டலா?"

அதுவரை வாசித்துக்கொண்டிருந்த உணவகத்துக் கிதார்க்காரர் அந்த நேரம் பார்த்தா நிறுத்த வேண்டும்! எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"பாராட்டுத்தான்," என்றார் மாமா, என்னைப் பார்த்தே. "குழம்பு ஒட்டிப் பல்லெல்லாம் கறுப்பா இளிச்சுட்டேன். அதான் வினையாப் போச்சு." பிறகு மெதுவாக, "நல்லா சாப்பிடு, அக்கா."

அம்மா நிமிரவில்லை. கரண்டியால் குழம்பைக் கிளறினாள்.

"எங்கேடா நல்லா சாப்பிடறது? இதுல மிளகாய் கருகவே இல்ல. நீயே உட்காந்து பாரு."

உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே மிர்னா அக்கா இன்னொரு தட்டு வைத்தாள்.

மணி ஆறு, கடை மூடும் நேரம். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்க்கிறார்கள். மிளகாயை எவ்வளவு கருக்க வேண்டும் என்று இவர்கள் இருவரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். கொலைகாரன் யார் என்று கேட்க மறந்தே போய்விட்டேன். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.