சிலிக்கான் மேல் விழுந்த குங்குமம்

இன்று ஆயுத பூஜை. கிரைண்டருக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விரலில் சந்தன வாசனை. உடனே நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். நல்ல நாளும் அதுவுமாக உன்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. கோயமுத்தூரில் நம் கல்லூரி ஆய்வகம். நான் துடியலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். காங்கேயத்துக்காரி நீ ஹாஸ்டலில் இருந்தாய். இரண்டு பேரும் ஒரே சாரிடம் பிஎச்.டி. துகள்களை மோதவிடும் சோதனைகளுக்கான சிலிக்கான் தகட்டை அளப்பதுதான் வேலை. தகட்டின் மேல் முடியைவிட மெல்லிய கோடுகள். துகள் எந்தக் கோட்டைக் கடந்தது என்று தகடு சொல்லிவிடும். அடுக்கடுக்காக வைத்தால் அது போன தடமே தெரியும். நொடிக்குக் கோடிக்கணக்கில் மோதல் நடக்கும். அத்தனையையும் சேர்த்துவைக்க முடியாது. தடத்தைப் பார்த்து எதை வைப்பது, எதை விடுவது என்று கருவியே அந்தக் கணத்தில் முடிவெடுக்க வேண்டும். "உட்டா உட்டதுதான் அம்மணி, மறுக்கா வராது" என்பாய். அந்த வேகத்துக்குத் தகடு ஈடுகொடுக்குமா என்பதே நம் ஆராய்ச்சி.

வெளிநாட்டிலிருந்து வந்த தகடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நம்மில் ஒருத்தியை மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய அங்கேயே அனுப்பப்போவதாக சார் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் அது கனவு.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நீ மைக்ராஸ்கோப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்தாய். அதோடு விட்டிருக்கலாம். என்னிடம் இருந்த சாவியை வாங்கித் தகட்டின் கறுப்புப் பெட்டியைத் திறந்து, தகடு இருந்த ஸ்டாண்டுக்கும் வைத்தாய். குங்குமம் தகட்டில் உதிர்ந்தது. பதறிப்போய் வாயால் வேறு ஊதினாய். கதவருகே நின்ற நான் "ஊதாதடி!" என்று கத்துவதற்குள் எச்சில் பட்டுவிட்டது. லீவு முடிந்து அளந்தால் மின்கசிவு எகிறிக் கிடந்தது. தகடு பாழ்.

"யாரும்மா பெட்டியைத் தொறந்தது?" என்றார் சார்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுங்க சார். சாவி அவகிட்டத்தானுங்க இருந்துச்சு" என்றாய்.

படிப்பு நின்றால் அப்பா தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார் என்று முந்தின வாரம்தான் என்னிடம் அழுதிருந்தாய். நீயே சொல்லிவிடுவாய் என்று நம்பி வாயை மூடிக்கொண்டேன். என்ன புத்தியோ எனக்கு!

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டாய். "நாளைக்கு சார்கிட்டச் சொல்லிப்போடறேன் அம்மணி." எந்த நாளைக்கு? நீ பிளேன் ஏறினாய். சார் என்னை அதற்குப் பிறகு ஆய்வகத்துக்குள் விடவில்லை. பெருந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ஓம் விதி நடத்தப் போனேன். இன்றைக்கும் அதைத்தான் நடத்துகிறேன்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் போன் செய்து, நீ போய்விட்டதாகச் சொன்னார். அழுதேன், மறைக்கமாட்டேன். பிறகு அவர் தயங்கித் தயங்கிப் பேசினார். "உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாளுங்க. லேப்ல ஏதோ சாமானை நீங்க கெடுத்துப்போட்டீங்களாமா. அதுக்காக உங்க மேல அவளுக்குக் கோவமே இல்லீங்க. எப்பவோ மன்னிச்சுட்டாளுங்க."

"சரிங்க" என்றேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்து நிற்கிற மனுஷனிடம் வேறென்ன சொல்ல?

நடந்தது தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர். இப்போது நான் ஒருத்தி. உன் தப்பை இத்தனை வருஷம் சுமந்தேன், அதுகூடப் போகட்டும். உன் மன்னிப்பையும் சேர்த்துச் சுமக்கவைத்துவிட்டல்லவா போயிருக்கிறாய்.