விருந்தாளிகள் பார்க்க ஒரு எலுமிச்சம்பழம்

2016 பெப்ரவரி 11, வியாழன்

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. குண்டசாலையில் இது என்ன புதிதா? வாளிகளில் பிடித்து வைத்திருந்ததால் உலை வைக்க முடிந்தது.

சாயங்காலம் பேத்தி ஞானேஸ்வரி வேலை விட்டு வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சிரித்தாள். இருபத்தெட்டாந் தேதி பல்லேகலயில் மோட்டார் சைக்கிள் பந்தயமாம். பெண்களுக்கும் ஓர் ஓட்டம் வைத்திருக்கிறார்களாம். ஒரு டயர் கம்பெனி இவளுக்கு வண்டி கொடுக்கிறது.

"ஓடுற ஆளுக்கு ரெண்டு பாஸ், அப்பாயி. பிட்டுக்குள்ளயே வரலாம். ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு உங்களுக்கு."

பிட் என்றால் வண்டிகளை நிறுத்தித் தயார்பண்ணும் இடம். சனங்கள் எல்லாம் வேலிக்கு வெளியே நிற்க, நாங்கள் உள்ளே.

பக்கத்து வீட்டுக் கைரியாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அல்லாவே! நல்லம்மா இனி வி.ஐ.பி. எங்களோட பேசுவீங்களோ தெரியா" என்றாள்.

பேசுவேன், ஆனால் கொஞ்சமாகத்தான் என்றேன்.

பெப்ரவரி 14, ஞாயிறு

நீலச் சேலையை எடுத்து வெயிலில் போட்டேன். பூச்சி அரிக்கவில்லை. நல்ல காலம்.

பெப்ரவரி 19, வெள்ளி

பாஸ் இல்லை!

இரண்டையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. அவர்களிடம் டயர் வாங்குகிற பெரிய கடைக்காரர்களுக்கும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் போதவில்லையாம். அவர்களுக்குக் கம்பளம் விரித்த கூடாரம், குளிர்காற்று மெசின், இறால் பொரியல். அதுவும் போதாதென்று, பிட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் வண்டியையும் ஓட்டுகிறவளையும் கிட்டக் காட்டுவார்களாம். என் பேத்தியை யார் யாருக்கோ காட்டுவார்கள். எனக்குக் காட்ட மாட்டார்கள். எந்த ஊர் நியாயம் இது?

மருமகள் குவைத்துக்குப் போன நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னி விட்டவள் நான். நான் வெளியாள். டயர் வாங்கினவன் உள்ளாள்.

மகன் ராஜலிங்கம் "சரி விடுங்கம்மா, வெளிய நின்னு பாப்போம்" என்கிறான். அவன் எப்போதும் இப்படித்தான். அவனுடைய அப்பாவும் இப்படித்தான்.

பெப்ரவரி 21, ஞாயிறு

நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று ராஜலிங்கத்துக்கு விளங்கவில்லை. பார்ப்பதற்காக மட்டும் இல்லையே.

ஞானா எந்தப் பந்தயத்துக்குப் போனாலும், இரவல் வாங்கின வண்டி படலை வாசலைத் தாண்டும் முன் இரண்டு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைப்பேன். கர்ப்பூரம் காட்டுவேன். அவள் மிதித்து வண்டியை உருட்டுவாள், பழம் நசுங்கும், அவள் நெற்றியில் திருநீறு பூசுவேன். பஸ்காரன், லொறிக்காரன், ஆட்டோக்காரன் எல்லாரும் செய்கிற காரியம்தான். போன நவம்பரில் தியத்தலாவைப் பந்தயத்துக்குப் போனபோது எனக்குக் காய்ச்சல், வைக்கவில்லை. அவள் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பழம் வைக்காமல் ஒரு நாளும் ஏறவில்லை.

இந்த வண்டி வீட்டுக்கே வராது. கம்பெனிக்காரர்கள் நேரே பிட்டுக்குக் கொண்டுபோவார்கள். அப்படியென்றால் நான் எங்கே வைப்பது, வீதியிலா?

பெப்ரவரி 23, செவ்வாய்

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

ஞானா போய்க் கேட்டிருக்கிறாள், எங்கள் அப்பாயி அஞ்சு நிமிசம் உள்ளே வந்து பழம் வைக்கவேண்டும் என்று. விருந்தாளிகளைக் கவனிக்கிற சீதா மிஸ், கொழும்புப் பிள்ளை, இன்று வெள்ளை வேனில் வீட்டுக்கே வந்துவிட்டது. நன்றாகத்தான் பேசினது. தேத்தண்ணி குடித்தது.

"அம்மா, கேட்டதுமே எனக்கு அவ்வளவு சந்தோசம். எங்க கெஸ்ட்மார் பிட்டுக்குள்ள வர்ற நேரம் பாத்து நீங்க பூசை செய்றீங்க. பாஸ் நாங்க தர்றோம்."

எனக்கும் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அடுத்த நிமிசம் வேனிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் முதுகில் மாட்டுகிற கொழுந்துக் கூடை! தலையில் கட்டச் சிவப்புத் துணி, இடுப்பில் சுற்றச் சாக்கு மாதிரி முரட்டு ரெட்டுத் துணி.

"இதப் போட்டு வந்தா போட்டோவுக்கு நல்லா இருக்கும்மா."

"ஏன் புள்ள, நான் எந்த மலையில கொழுந்து எடுத்தேன்?"

"இல்லம்மா, ஒரு கலாசாரமா..."

நான் பேராதனை ஆஸ்பத்திரியில் முப்பது வருசம் அட்டென்டன் வேலை செய்தவள். வெள்ளைச் சேலை கட்டிப் போனவள். என் அம்மா ஹந்தானைத் தோட்டத்தில் கூடை சுமந்தாள். மழையில் அட்டைக் கடியோடு சுமந்தாள். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திக் கூடையை மாட்டப் பார்த்தபோது, மாட்டமாட்டேன் என்று அழுது அடம்பிடித்து டவுனுக்கு வந்தவள் நான். இப்போது எழுபது வயதில் இறால் தின்கிறவன் பார்க்க மாட்டவேண்டுமா?

"கூடைய ஏத்திக்கிட்டுப் போ புள்ள" என்றேன்.

பெப்ரவரி 25, வியாழன்

நேற்று முழுவதும் போகமாட்டேன் என்றே இருந்தேன்.

இன்று ஞானா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க வராட்டியும் நான் ஓடுவேன் அப்பாயி. அதுக்குன்னு நீங்க வரவேணாம்" என்றாள். சொல்லும்போது கை அந்தத் தோளைத் தடவிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாமல்.

போகிறேன். நீலச் சேலையில் போகிறேன். கூடை இல்லை என்று சீதா மிஸ்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. சரி என்றதாம்.

பெப்ரவரி 29, திங்கள்

நேற்று நடந்ததை எழுதவேண்டும்.

வாசலில் ஒரு பையன் என் கையில் மஞ்சள் காகிதப் பட்டி ஒட்டினான். விருந்தாளிகளுக்குத் தங்க நிறம். ராஜலிங்கத்துக்கு ஒன்றும் இல்லை, வேலிக்கு வெளியே நின்றான். உள்ளே எண்ணெய் நாற்றம், காது அடைக்கிற சத்தம். ஞானா வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நீல ஹெல்மெட். எவ்வளவு உயரமாக இருந்தாள்! என் பிள்ளை.

வீட்டு மரத்துப் பழம் இரண்டு கொண்டுபோயிருந்தேன். தங்கப் பட்டிக்காரர்கள் சுற்றி நின்றார்கள், கையில் கிளாசோடு. கர்ப்பூரம் கொளுத்தவேண்டாம், பெற்றோல் இருக்கிறது என்றார்கள். அது நியாயம், ஒத்துக்கொண்டேன். பழத்தை வைத்தேன். ஞானா உருட்டினாள். நசுங்கியது. அவ்வளவுதான் காரியம். முடிந்தது.

இவர்களுக்கு முடியவில்லை. ஒரு அம்மாள் படம் சரியாக விழவில்லை என்றாள். "இன்னொருக்கா செய்ங்கம்மா" என்றது சீதா மிஸ்.

"இத ரெண்டு தரம் செய்யக்கூடாது புள்ள."

"சும்மா படத்துக்குத்தானேம்மா."

கூடாரத்திலிருந்து ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழம் வந்தது. மீனுக்குப் பிழிய வைத்திருந்த பழம்! ஆளுக்கொன்று எடுத்து, என்னைக் கேட்காமல், சில்லுக்கு முன்னால் வைத்தார்கள். ஞானாவை முன்னும் பின்னும் உருட்டச் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? அவளுடைய வண்டி அவர்களுடையதாயிற்றே. சரி என்று தலையை ஆட்டினேன். அதுதான் நான் செய்த பிழை. அப்போதே பழத்தை எல்லாம் அள்ளி வீசியிருக்கவேண்டும்.

அந்த வழியாகத்தான் மற்ற வண்டிகளும் வெளியே போகவேண்டும். ஆண்கள் ஓட்டத்துக்குப் போன ஒரு பையன் அந்தச் சாற்றில் வழுக்கி வண்டியோடு சாய்ந்தான். அடி இல்லை. ஆனால் பந்தயப் பெரியவர் ஒருவர் ஓடி வந்தார், சிங்களவர், வெள்ளைத் தொப்பி. "ஆச்சி, மே மொக்கத?" இது என்ன என்று கேட்டார்.

அவருக்குச் சிங்களத்திலேயே சொன்னேன். இரண்டு பழம் நான் வைத்தது, மிச்சம் இவர்கள் வைத்தது, இந்த மிஸ்ஸைக் கேளுங்கள் என்று.

சீதா மிஸ் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதில் அப்படி என்ன இருந்ததோ. கம்பெனி மேனேஜர் முன்னால் வந்து, "இது அவங்க குடும்ப வழக்கம், வேணாம்னு சொல்ல ஏலாமப் போச்சு" என்றார். என் முகத்துக்கு முன்னாலேயே! தட்டில் பழம் கொண்டுவந்தவன் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

தரையில் எதுவும் ஊற்றக்கூடாது, மீறினால் அந்த வண்டிக்குத் தண்டனை. அதுதான் சட்டமாம். ஞானா எல்லாருக்கும் பின்னால், கடைசி வரிசையிலிருந்து கிளம்பவேண்டும் என்று தீர்ப்பு.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் குனிந்து, "திருநீறு பூசுங்க அப்பாயி" என்றாள். பூசினேன். அதற்குள் ஒரு பையன் கத்தரிக்கோலோடு வந்து என் கைப்பட்டியை வெட்டினான். பூசை நேரத்துக்கு மட்டும் தந்த பாஸாம். வெளியே போகச் சொன்னார்கள்.

ராஜலிங்கத்தோடு வேலியில் நின்றேன். முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலே நீல ஹெல்மெட் போவதும் வருவதும் மட்டும் தெரிந்தது. கூடாரத்தை எட்டிப் பார்த்தேன். பெண்கள் ஓடும் நேரத்தில் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு. எல்லாரும் தட்டோடு வரிசையில், முதுகைக் காட்டிக்கொண்டு.

கடைசியில் கிளம்பி ஐந்தாவதாக வந்தாள். முன்னாலிருந்து விட்டிருந்தால்? அதை நினைக்கவே கூடாது. நினைக்கிறேன்.

மார்ச் 1, செவ்வாய்

ஞானா பேசவில்லை. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். கோபம் என்மேல்தானா?

மார்ச் 2, புதன்

கைரியா கைபேசியோடு வந்தாள், முகம் ஒருமாதிரி. "இதப் பாருங்கொ நல்லம்மா. பாத்துட்டுக் கத்தக் கூடா."

கம்பெனி போட்ட படம். நான் குனிந்து பழம் வைக்கிறேன். எனக்குப் பின்னால் அந்தக் கொழுந்துக் கூடை! நான் தூக்கமாட்டேன் என்ற கூடையை எனக்குத் தெரியாமல் கொண்டுவந்து பின்னால் வைத்திருக்கிறார்கள். கீழே தமிழிலும் எழுதியிருந்தது: தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் ஆசீர்வாதத்தோடு எங்கள் வீராங்கனை.

கடைசி வரிசைக்குத் தள்ளினதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பழி சொல்லும்போது குடும்ப வழக்கம். படம் போடும்போது ஆசீர்வாதம். அடப் பாவிகளா!

கைரியா சொன்னாள், "ஒங்கட மூஞ்சி நல்லாத்தான் ஈக்கி." அவளைத் திட்டவந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகை.

மார்ச் 5, சனி

பந்தயத்துக்குப் பிறகு ஓட்டிப் பழகக் கம்பெனி விட்டுவைத்திருந்த வண்டியில் காலையில் போன ஞானா, மத்தியானம் கால்நடையாக வந்தாள். வந்ததும், "சாவிய வச்சிட்டு வந்துட்டேன் அப்பாயி" என்றாள்.

கம்பெனிக்குப் போயிருக்கிறாள். படத்தை எடுங்கள், இல்லாவிட்டால் உள்ளதை எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறாள். "ஒரு படத்துக்குப் போய் ஏன் இவ்வளவு? அடுத்த முறை உங்க வீட்டுக்கு ரெண்டு பாஸ் நிச்சயம்" என்றதாம் சீதா மிஸ். எனக்குப் பாஸ் வேண்டாம், படத்தை எடுங்கள் என்றாளாம். கொழும்பில் கேட்கவேண்டும் என்றார்களாம். இவள் வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டாள்.

முதலில் எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. பிறகுதான் யோசித்தேன். வண்டி இல்லாமல் எதில் ஓடுவாள்? ஆறு வயதில் அப்பனுடைய மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கியில் உட்கார்ந்து இறங்கமாட்டேன் என்றவள். என்னால்தானே இது?

கேட்டேவிட்டேன். "என்னாலயா புள்ள?"

"உங்களால இல்ல. அன்னிக்கு நான் வாயத் தொறந்திருந்தா ஓடவே விட்டிருக்க மாட்டாங்க, அதான் பேசாம இருந்தேன். அஞ்சாவதா வந்ததுகூடப் பரவால்ல. அந்தப் பையன் கத்தரிக்கோலோட வந்தானே. நீங்க பேசாம கைய நீட்டுனீங்க பாருங்க." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நானா பேசாமல் நீட்டினேன்? ஆமாம். நீட்டினேன்.

மார்ச் 20, ஞாயிறு

ராஜலிங்கத்தின் கூட்டாளி றிஸ்வி ஒரு பழைய வண்டி தந்திருக்கிறார். முன்சில்லு ஆடுகிறது. அப்பனும் மகளும் காலையிலிருந்து முற்றத்தில். விறாந்தை முழுக்கக் கிரீஸ். திட்டத் திட்டக் கேட்கவில்லை இரண்டு பேரும்.

ஏப்ரல் 17, ஞாயிறு, நுவரெலியா

பந்தயம் மத்தியானத்துக்குப் பிறகுதான். கொப்பியைக் கையோடு கொண்டுவந்ததால் இங்கேயே எழுதுகிறேன்.

கம்பெனி இல்லாதவர்களுக்குக் கூடாரம் இல்லை. புல்வெளி ஓரத்தில் இடம் காட்டினார்கள். தார்ப்பாய் கட்டினோம். வண்டி, சாமான் பெட்டி, புளிச்சோறு, உட்கார இரண்டு பிளாஸ்டிக் கதிரை. ராஜலிங்கம் பெற்றோலுக்குப் போய்விட்டான். ஞானா விடிய முன் எழுந்தவள், பாயில் சுருண்டு தூங்குகிறாள். வாய் திறந்திருக்கிறது.

கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய மனிதர் வந்தார். கறுப்புக் கண்ணாடி, கையில் தங்க நிறப் பட்டி. கடைசியில் கிளம்பி ஐந்தாவதாக வந்த பிள்ளை இதுதானா என்று கேட்டார். பல்லேகலயில் பார்த்தாராம். சாப்பாட்டு வரிசையில் நிற்காதவரும் ஒருவர் இருந்திருக்கிறார்! வண்டியோடு ஒரு படம் வேண்டும் என்று காலை உள்ளே வைத்தார்.

"வண்டிக்காரி தூங்குது சேர். எழும்பினதும் கேளுங்க."

அவர் கையைத் தூக்கிப் பட்டியைக் காட்டினார். "இது இருந்தா எல்லா எடத்துக்கும் போகலாம்மா."

"போகலாம் சேர். அந்தப் பக்கம் எல்லாம் போகலாம். இது எங்க தார்ப்பாய்."

கோபப்படுவார் என்று பார்த்தேன். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "எப்ப எழும்புவாங்க?" என்றார்.

"தூக்கம் முடிஞ்சதும்."

இன்னும் வெயிலில் நிற்கிறார். ஞானா புரண்டு படுத்தாள், எழும்பவில்லை. இங்கே ஒரு கதிரை சும்மாதான் கிடக்கிறது. கேட்டால் கொடுப்பேன்.