மூக்காயி கேட்ட முழுத் தூக்கம்

15.09.2002, ஞாயிறு

இன்று காலை சங்கு ஊதியது நான்தான். பெக்டரிச் சங்கு இல்லை, கைச்சங்கு. இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, கட்டைவிரல் இடுக்கில் உதட்டை வைத்து, அடிவயிற்றிலிருந்து ஊதினால் பெக்டரியே ஏமாந்துபோகும். முதலில் மெதுவாகக் கிளம்ப வேண்டும், பிறகு ஏற வேண்டும், ஏறின இடத்தில் கொஞ்சம் நடுங்க வேண்டும் — அந்த நடுக்கம்தான் கஷ்டம். இன்னும் சரியாக வரவில்லை.

வராத நடுக்கத்துக்கே லயத்து வரிசை வீடெல்லாம் எழும்பிவிட்டது. பக்கத்து வீட்டு சுப்பம்மா அத்தை வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்திவிட்டது என்று விரலில் பற்பொடியோடு ஓடினார். தேயிலை மலையெல்லாம் பனி. அதற்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது, யாரோ ஒரு பெரிய கனவிலிருந்து ஆட்களை வரிசையாக இறக்கிவிடுகிற மாதிரி இருந்தது. நான் கோடிப்புறத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். உலகத்திலேயே அழகான காட்சி.

அம்மா படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, கொழுந்துக் கூடையையும் மாட்டி, வாசலுக்கே வந்துவிட்டாள். அப்புறம்தான் யாரோ சொன்னார்கள், "இன்னைக்கு ஞாயித்துக்கெழம".

அப்பா விறகுக்கட்டை தேடினார். அம்மா திட்டவே இல்லை. படங்கை அவிழ்க்காமல் படியில் உட்கார்ந்தாள்.

"எழும்பினது எழும்பியாச்சு. இனி தூக்கம் வராதுடி."

திட்டியிருக்கலாம்.

25.09.2002, புதன்

அம்மாவோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு, ஆகவே இந்த நாள் வாழ்க.

அம்மாவின் வயிறு ஒரு வீடு. என் இரட்டைத் தம்பிமார் இரண்டுபேரும் ஒன்றாகக் குடியிருந்துவிட்டு நாலு வருசத்துக்கு முன்னால் காலி செய்தார்கள். போனவர்கள் கதவைச் சாத்தவில்லை. தசை நடுவில் பிரிந்து, தோல் தொங்கிப்போய், அம்மா இருமினால் தொப்புளுக்கு மேலே எலுமிச்சங்காய் மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். மலையில் பெண்கள் இன்னும் கேட்கிறார்கள், "மூக்காயி, எத்தன மாசம்?" அம்மா சொல்லும் பதில்: "நாப்பத்தெட்டு."

வெட்டுகிற டொக்டர் பார்த்தார். எட்டிப் பார்ப்பது குடலாம். உள்ளே தள்ளி, பிரிந்த தசையை மேலிருந்து கீழே இழுத்துத் தைத்து, தொங்குகிற தோலையும் வெட்டி எடுத்துவிடுவாராம். விட்டுவைத்தால் ஒருநாள் குடல் அங்கேயே இறுகிக்கொள்ளும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வரக்கூட நேரம் இருக்காது என்றார். அம்மா தலையாட்டினாள்.

28.09.2002

கலவான டவுனில் என் கூட்டாளி பஸ்லியாவின் வாப்பா ஜுனைதீன் நானாவின் கடை. அங்கே சீனி சுற்றின தாளில் ஒரு நடிகையின் படம். பஸ்லியா எழுத்துக்கூட்டி வாசித்தாள்: டமி டக். வயிற்றைச் சின்னதாக்குகிற ஒப்பரேசனாம். பணக்காரிகள் அழகுக்குச் செய்வார்களாம்.

"டக்குன்னா வாத்துதானே?" என்றேன். "டம்மி வாத்து."

"உங்க உம்மாக்கும் இதுதான்டி செய்யப் போறாங்க."

அம்மாவிடம் வந்து சொன்னேன். "எம்மா, நீ இனி நடிகை." அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள், "வாத்துன்னு சொல்லு, போதும்."

09.10.2002, புதன்

இன்று மயக்க மருந்து டொக்டர். மயக்குகிற டொக்டர் என்றே சொல்லலாம், அவ்வளவு மெதுவான குரல். சிங்கள நோனா. தாளில் படம் போட்டு விளக்கினார்.

ஒன்று: முழு மயக்கம். கையில் ஊசி, மூக்கில் மூடி, பிறகு தொண்டைக்குள் ஒரு குழாய். நேரம் போவதே தெரியாது. கனவுகூட வராது என்றார்.

இன்னொன்று: "கொந்தட்ட", முதுகெலும்புக்கு. முதுகுத்தண்டில் ஊசி. மயிர் போல ஒரு குழாயை அங்கேயே விட்டுவைத்து, மருந்து தீரத் தீர ஊற்றுவார்கள். நெஞ்சுக்குக் கீழே எல்லாம் விறைத்துப்போகும், ஆனால் ஆள் முழித்திருக்கும்.

வெட்டுகிற இடத்தில் மட்டும் விறைப்பூசி போட்டு, கொஞ்சம் தூக்க மருந்து கொடுப்பதும் உண்டாம். அம்மாவுக்கு வெட்டு நீளம் என்பதால் அது சரிவராது.

அம்மா முதலாவதைக் கேட்டபோதே கண்ணை மூடிக்கொண்டாள். கடையில் துணி தொட்டுப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்தாள். "முழு மயக்கம்."

நோனா காதுக்குழாய் வைத்து நெஞ்சைக் கேட்டார். பிறகு என்னென்னவோ நோய் பெயர் சொல்லி இருக்கிறதா என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை: "நே நோனா."

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "கடைசியா என்னமோ கேட்டாங்களே, எதும தியெனவாதன்னு?"

"உடுப்பு இருக்கான்னு கேட்டாங்க. கொண்டு வரலன்னேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிங்களத்தில் எந்தும என்றால் உடுப்பு. நெஞ்சில் குழாய் வைத்துக்கொண்டே உடுப்பு விசாரிக்கிற டொக்டர்.

வீட்டில் அப்பாவுக்கும் எல்லாம் சொன்னேன். "கொந்தட்டன்னா கொண்டைக்கா?" என்றார் அப்பா. "கொண்டை ஊசிதான் உங்கம்மாகிட்ட ஒரு டின் நெறைய இருக்கே." நான் அப்பாவின் பிள்ளைதான்.

10.10.2002

இன்னும் சிரிக்கிறேன். உடுப்பு.

12.10.2002, சனி

சிரிப்பு போய்விட்டது.

பஸ்லியாவிடம் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அது எந்தும இல்லடி. எதும. இழுப்பு. எங்க மாமாக்கு இருக்கு, சின்ன பம்பு அடிப்பாரு."

எதும என்றால் இழுப்பு. எந்தும என்றால் உடுப்பு. நடுவில் ஒரே ஒரு மூக்குச் சத்தம்.

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில், விடியலில், நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி அழும். அன்றைக்கு வெயில். நோனாவின் குழாயில் பூனை அகப்படவில்லை.

கடைக்குள் நின்ற ஜுனைதீன் நானாவும் கேட்டுவிட்டார். இழுப்புக்காரருக்குத் தொண்டையில் குழாய் விட்டால் நெஞ்சு அப்படியே பூட்டிக்கொள்ளலாம், அதுதான் அவர்கள் முதலில் அதைக் கேட்பார்கள் என்றார்.

அம்மா தெரியாமல்தானே சொன்னாள்? பாவம், ஒரு மூக்குச் சத்தம்.

ஆனால் — கலவானக் கடைக்காரர்களோடு சிங்களத்தில் பேரம் பேசி அவர்களையே அழ வைக்கிறவள் அம்மா. தீபாவளிக்குத் தீபாவளி எந்தும வாங்குகிறவள். அவளுக்கா தெரியாது? பேரே மூக்காயி, அவளுக்கா மூக்குச் சத்தம் தெரியாது?

13.10.2002, ஞாயிறு

தெரியும்.

மத்தியானம் எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் கேட்க முடியும், முகம் பார்க்க வேண்டியதில்லை.

"அன்னைக்கு டொக்டர் கேட்டது உடுப்பு இல்லதானே?"

சீப்பு நின்றது. பிறகு ஓடியது.

"இழுப்புன்னா கொந்தட்டதான் போடுவாங்களாம். போன மாசம் ஒருத்திக்கு அப்பிடித்தான் மாத்திட்டாங்களாம், கிளினிக்குல பேசிக்கிட்டாங்க."

"அதுதானே நல்லது. ஏம்மா?"

அம்மா என் முடியில் ஒரு சிக்கை எடுத்தாள். அப்புறம் வெளியே மழையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் கூடை தூக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து சங்குக்கு முந்தித்தான் எழும்புறேன். உங்கள பெத்தன்னைக்கும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். காய்ச்சல்னு படுத்தாலும் ஒரு காது முழிச்சிருக்கும். அந்த நோனா சொன்னாங்க பாரு, நேரம் போறதே தெரியாது, கனவுகூட வராதுன்னு. எவ்வளவு நல்லா இருந்திச்சு தெரியுமா கேக்க. வெள்ளையா, அப்பிடியே வெள்ளையா ஒரு தூக்கம். யாரும் எழுப்ப முடியாது. எழுப்பவே கூடாதுன்னு பக்கத்துல ஒரு டொக்டரே ஒக்காந்திருப்பாங்க."

"நெஞ்சு பூட்டிக்கிட்டா? செத்துப்போயிட்டா?"

"மொகரையப் பாரு. தூங்கப் போற எடத்துல சாவாங்களா."

பிறகு என் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "சாமி, இழுப்புங்கிற வார்த்த ஒன் வாயில வரக்கூடாது. சத்தியம் பண்ணு." அம்மாவுக்கு ஷாமிளா என்கிற என் பேர் வாயில் வராது. சாமி என்றுதான் கூப்பிடுவாள். சாமியிடமே சத்தியம் வாங்குகிறாள்.

பண்ணிவிட்டேன். ஏன்டி பண்ணின? வாய் ஓயாம பேசுவியே, அப்ப எங்க போச்சு அந்த வாய்? எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல. சொன்னா அம்மா தல. சொல்லாட்டி அம்மா உயிர்.

17.10.2002

விடியலில் கனவு. மலை முழுக்கத் தேயிலைக்குப் பதிலாகத் தலையணை முளைத்திருக்கிறது. பெண்கள் வரிசையாக நின்று பறித்துக் கூடையில் போடுகிறார்கள். அம்மா மட்டும் பறிக்காமல் ஒன்றின்மேல் சாய்கிறாள். பனி வந்து மூடுகிறது. நான் கையைக் குவித்துச் சங்கு ஊதுகிறேன். சத்தம் வரவில்லை. ஊதுகிறேன், ஊதுகிறேன்.

எழும்பினால் பக்கத்தில் பூனைக்குட்டி அழுகிறது. அம்மா உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் முழித்ததைப் பார்த்து, "தூங்கு" என்றாள்.

22.10.2002, செவ்வாய்

நாளைக்கு ஒப்பரேசன். அம்மாவை நேற்றே வாட்டில் சேர்த்துவிட்டார்கள். இன்று பார்க்க விடுகிற நேரத்தில் நானும் அப்பாவும் போனோம். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, கலியாணத்துக்குக் கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள்.

நாங்கள் இருக்கும்போதே மயக்குகிற நோனா வந்தார். தாளைப் புரட்டி, "முழு மயக்கம்தானே, எல்லாம் சரியா?" என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா சிரித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கை தன்பாட்டுக்கு வாயைப் பொத்தப் போனது.

நோனா திரும்பி நடந்தார். இரண்டு கட்டில் தாண்டிவிட்டார்.

சத்தியம் இழுப்புக்குத்தானே?

"நோனா," என்றேன். என் குரலா அது. "எந்தும நே நோனா. எதும தியெனவா."

உடுப்பு இல்லை, இழுப்பு இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோனாவும் சிரித்தபடிதான் திரும்பினார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வந்து கட்டிலில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது வரும், எப்படி வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

கொந்தட்ட என்று முடிவாயிற்று. பம்பு மருந்தும் கொடுத்தார்கள்.

போகும்போது அம்மா அப்பாவிடம் மட்டும் "போயிட்டு வாங்க" என்றாள்.

23.10.2002, புதன்

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நானும் அப்பாவும் வெளியே வாங்குப் பலகையில். அப்பா ஒரு பகிடியும் விடவில்லை. நானும் விடவில்லை. மழை.

பிறகு ஒரு நர்ஸ் மிஸி கதவைத் திறந்து, "மூக்காயியோட ஆளுங்க யாரு?" என்று கேட்டார். இரண்டுபேரும் எழும்பினோம். அவர் சொன்னார்: "எல்லாம் நல்லா முடிஞ்சுது. முழிச்சிருக்கிற ஊசி போட்டும் கொறட்ட விட்ட ஒரே ஆள் அவங்கதான்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

25.10.2002, வெள்ளி

இன்று அம்மா பேசினாள்.

"கொறட்டையாமே?" என்றேன்.

"பொய். கண்ண மூடிக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்." பிறகு கூரையைப் பார்த்துச் சொன்னாள். "சாமி, நெசமாவே காலு ரெண்டும் எங்கேயோ போயிருச்சுடி. தேடுறேன், இல்ல. பெரட்டுக்குப் போயிருச்சு போல. காலு வேலைக்குப் போயிருச்சு, நான் வீட்டுல படுத்திருக்கேன். அந்த நோனா தலமாட்டுல ஒக்காந்து நெத்தியத் தடவிக்கிட்டே இருந்தாங்க. கொஞ்சம் மெதந்தேன்."

"கோவமா?"

"தலையில அடிச்ச சத்தியத்த மீறிட்டியே."

"மீறல. இழுப்புன்னு நான் சொல்லவே இல்ல. எதுமன்னுதான் சொன்னேன்."

அம்மா என்னை முறைத்தாள். முறைத்துக்கொண்டே இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, தையல் பிரியுது" என்றாள். கண்ணில் தண்ணீர். வலியா, சிரிப்பா, தெரியவில்லை.

கொஞ்சம் கழித்து, மிகவும் மெதுவாக: "ஆனா அந்த வெள்ளத் தூக்கம் வரல."

04.11.2002, தீபாவளி

வயிற்றில் பட்டி. அதற்கு மேலே புது எந்தும. சுப்பம்மா அத்தை "எத்தன மாசம்?" என்று கேட்கவில்லை, அம்மாவே கொஞ்சம் ஏமாந்துபோனாள்.

08.11.2002

பொங்கல் வரைக்கும் கூடை தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தோட்டத்திலும் லீவு சொல்லியாயிற்று. ஆனாலும் தினமும் சங்குக்கு முந்தியே எழும்பிவிடுகிறாள். வயிற்றைத் தைத்தார்கள், காதைத் தைக்கவில்லை.

13.11.2002

விடியலில் பெக்டரிச் சங்கு. பனி கதவுக்குள்ளேயே வந்திருந்தது. அம்மா இன்று முந்தி எழும்பவில்லை. முதல் முறையாகச் சங்குக்குப் பிறகுதான் அசைந்தாள். பூனைக்குட்டியின் சத்தம் இல்லை. கண் திறக்கவில்லை, ஆனால் கை மட்டும் சுவரில் படங்கைத் தேடிக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா ஊதினேன்," என்றேன். "இன்னைக்கு ஞாயித்துக்கெழம. படு."

"மூதேவி." கை கீழே இறங்கியது. போர்வையை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். நான் எழும்பி அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன், தம்பிமாருக்கு வாயில் விரல் வைத்துக் காட்டினேன். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அந்த நடுக்கம் இன்னைக்குத்தான்டி சரியா வந்திருக்கு."

இதை எழுதும்போது வெயில் படிக்கு வந்துவிட்டது. இன்னும் தூங்குகிறாள். குறட்டை.

இன்றைக்குப் புதன்கிழமை.