துர்காவின் கல்

திங்கட்கிழமை. திருப்பதி. காலையிலேயே வெயில்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: நான், மகள் சுமதி, மருமகன் வேலு, அவன் அம்மா கன்னியம்மா. கட்டிலில் பேத்தி துர்கா, ஐந்து வயசு. சிறுநீரகத்தில் கல். நாளைக்கு லேசர்.

கோடையில் வலி வந்தபோதே வந்திருக்கலாம். கன்னியம்மா விடவில்லை. தன் ஊரான குடிபாலா பக்கம் ஒரு ஆளிடம் தூக்கிப் போனாள். வயிற்றில் குழாய் வைத்து வாயால் உறிஞ்சினான். உள்ளங்கையில் ஒரு கல்லைத் துப்பிக் காட்டினான்.

"பாத்துக்கோ, வந்துடுச்சி" என்றான். கன்னியம்மா அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள்.

நான் நம்பவில்லை. சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் சம்பந்திம்மா" என்றாள், எல்லார் முன்னாலும். அவள் கட்டியிருந்த நீலப் புடவை, கிழிந்த முந்தானைகூட மறக்கவில்லை. வேலு வாயைத் திறக்கவில்லை.

மழைக்காலம் வரைக்கும் பிள்ளை சுருண்டு சுருண்டு அழுதது. "சூடு புடிச்சிகினு இருக்குது" என்றாள் கன்னியம்மா.

செவ்வாய்.

வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள் துர்கா. "ஆயா, வயித்த கீறுவாங்களா?"

டாக்டரம்மா குனிந்து: "கீற மாட்டோம் கண்ணு. ஒண்ணுக்குப் போற வழியா மெல்லிசா ஒரு குழாய். அதுல வெளிச்சம் போவும். கல்லு பொடியாயிடும்."

"பட்டாசு மாதிரியா?"

"உனக்குத் தூக்கம். ஒண்ணும் கேக்காது."

சுமதி சுவரைப் பார்த்தபடி. கன்னியம்மா வாசலில், தரையில். யாரும் சாப்பிடவில்லை.

நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மாவிடம் கல்லைக் காட்டச் சொன்னேன்.

"காட்ட ஒண்ணும் இல்ல அவ்வா. மாவாப் போச்சி. மிச்சம் ஒண்ணுக்கோட வரும்."

காட்டினவன் பொய் சொன்னான். காட்டாதவளை எப்படி நம்புவது?

புதன். மேகம்.

ஒன்றுக்கு லேசாகச் சிவப்பு. நர்ஸைக் கூப்பிட்டேன். ரெண்டு நாள் அப்படித்தான், நிறையத் தண்ணி குடிக்கட்டும் என்றாள் நர்ஸ். துர்கா வாயை இறுக்கிக்கொண்டாள். கன்னியம்மாதான் தனக்கு ஒரு டம்ளர், அவளுக்கு ஒரு டம்ளர் வைத்துப் போட்டி போட்டாள்.

"குடிபாலா ஆயா தோத்துப்போச்சி!"

சிரிப்பு. எத்தனை மாசம் கழித்து.

மதியம் ஒன்றுக்குப் பிடித்த டப்பாவின் அடியில் மணல். நைசாக, கோலமாவு போல. சுமதியைக் கூப்பிட்டேன். கன்னியம்மாவும் எட்டிப்பார்த்தாள். இடுப்பிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். இங்கேயும் கொண்டுவந்திருக்கிறாள்! குப்பைக் கூடையில் போட்டாள்.

"என் புத்திய செருப்பால அடிக்கணும் சம்பந்திம்மா."

நான் டப்பாவைக் கழுவப் போனேன்.

பிள்ளை அவள் மடியிலேயே தூங்கிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால், "நவுந்தா முழிச்சிக்கும்" என்கிறாள். கால் மரத்திருக்கும். தயிர்சாதம் பிசைந்து நானே ஊட்டினேன். உப்பு போதுமா என்றும் கேட்டேன்.

வேலுவை மன்னித்தாயிற்று. உறிஞ்சினவனைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

கன்னியம்மாவை மன்னிக்க மாட்டேன்.