பாட்டில் தண்ணியைக் குடிச்சாச்சு

எழுப்பினா நான்தான் முதல்ல பேசினதா ஆயிடும், அதான் இந்தச் சீட்டு. முதல் ஸ்கேனுக்கு நான் மட்டும் கிளம்பிட்டேன். நைட் டூட்டி பாத்துட்டு வந்தவரு, நல்லா தூங்குங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பிளம்பர் வருவார், வெளிய போனா சாவியை மாடிவீட்டு அக்காகிட்ட குடுங்க.

ஸ்கேன் முடியட்டும்னு சொல்லியும் நான் மாசமா இருக்கறதை உங்க அக்காகிட்ட உளறிட்டீங்களே! இன்னைக்கு இதயத்துடிப்பு கேக்கலன்னா அவங்களுக்கு யார் பதில் சொல்றது?

போன வாரம் ஸ்கேனுக்குப் போனப்ப, கூப்பிடறதுக்கு முன்னாடியே பயத்துல பாத்ரூம் போயிட்டேன். மூத்திரப்பை நிறையாம ஒண்ணும் தெரியாதுன்னு நர்ஸ் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்குப் பாட்டில் தண்ணி பூரா உள்ள போயாச்சு.

பி.கு: என்னைக் கூப்பிட்டாலும் அடுத்தவங்களை முன்னாடி விட்டுடுவேன். நீங்க வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டே உக்காந்திருப்பேன். ரொம்ப நேரம் முடியாதுங்க, ஓடி வாங்க.