சொட்டு நின்ற ஹீட்டர்

மார்கழி 9, செவ்வாய்

பேத்தி கவிதா பிளம்பர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. லைசென்ஸ் வைத்திருக்கும் மேஸ்திரி பக்கத்தில் இல்லாமல் அவள் எதையும் தொடக்கூடாது என்பது சட்டம். இன்று ராசிபுரம் பெண்கள் விடுதியில் அவர் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு மேச்சேரிக்கு ஆடு வாங்கப் போய்விட்டார்.

"ஹீட்டர் வால்வுல தண்ணி சொட்டுச்சு அம்மாயி. மூடி போட்டு அடைச்சுட்டேன். இப்ப ஒரு சொட்டு இல்லீங்க," என்றாள்.

பக்கத்து வீடு வரை போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுப்பில் குக்கர் விசில் அடித்தபோதுதான் உறைத்தது.

"ஏஞ்சாமி, அதை அடைச்சா ஆவி எதுல போகும்?"

அவள் உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. விடுதி நம்பர் அவரிடம்தான் இருக்கிறது. அங்கே ராத்திரியே ஹீட்டரைப் போட்டுவிடுவார்களாம். மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அரை மணி தூரம். கிளம்பி ஒன்றரை மணி ஆகிறது. போனதும் கூப்பிடுகிறேன் என்றாள்.