காஜா பேராங் கொப்பரைச் சூளை விவசாயமா என்பது பற்றி

அனுப்புநர்:
சு. பொன்னுதுரை,
தேங்காய் உடைக்கும் தொழிலாளி,
கொப்பரைக் கொட்டகை,
காஜா பேராங், மலாக்கா.

பெறுநர்:
தொழில் அதிகாரி அவர்கள்,
தொழில் இலாகா, மலாக்கா.

பொருள்: சூளைத் தொழிலாளி திருமதி அஞ்சலைக்கு ஓவர்டைம் மறுக்கப்பட்டதும், நான் செய்த தவற்றுக்காக அவரை வேலையிலிருந்து நிறுத்துவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் கொட்டகையில் தேங்காயை உடைத்து, சூளையில் உலர்த்தி, கொப்பரையாக எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிறோம். உடைப்பது நான். எனக்கு வயது நாற்பத்தாறு. என் வாய்க்கு இன்னும் அவ்வளவு ஆகவில்லை என்பார்கள். சூளை பார்ப்பவர் அஞ்சலை.

2. அவர் வேலையைத் தாங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். கொப்பரை காயும் தட்டியின் மேல் புறங்கையை வைத்த மாத்திரத்தில், இரண்டு சிரட்டை அதிகம் என்று நெருப்பிலிருந்து இழுத்துவிடுவார். கொப்பரையைக் காதருகே ஒடித்து, அந்தச் சத்தத்திலேயே ஈரம் அறிவார். ஐந்து வருடத்தில் ஒரு சூளை கெட்டதில்லை. அந்த வெள்ளைக் கொப்பரையை எங்கள் முதலாளி தம் சாமர்த்தியம் போலவே வியாபாரிகளுக்குக் காட்டுவார்.

3. வேலை நேரம் நாலு மணி வரை. நெருப்பு மணி பார்ப்பதில்லை. ஆகவே அஞ்சலை ஆறரை வரை இருப்பார். அதற்கு ஓவர்டைம் கிடைத்து வந்தது. மூன்று மாதத்துக்கு முன், கொட்டகைக் கணக்கு எழுதும் கிராணி மாணிக்கவாசகம் அவர்கள், தேங்காய் மரத்தில் காய்ப்பதால் இது விவசாயம், விவசாயத்துக்கு ஓவர்டைம் விலக்கு என்று அறிவித்தார். தங்களை நம்பவைக்கவோ என்னவோ, வாசலில் மூன்று மரவள்ளிக் குச்சிகளும் நட்டிருக்கிறார். வம்பு பேசுவது என் வழக்கமல்ல. ஆனால் அவற்றைத் தலைகீழாக நட்டிருக்கிறார். எங்கள் விவசாயம் அவ்வளவே.

4. மூன்று மாதமாய்க் காசில்லாமலே ஆறரை வரை நின்ற அஞ்சலை, சென்ற வியாழன் நாலு மணிக்குக் கை கழுவிக்கொண்டு, "வெவசாயம்னா பொழுதோட வீட்டுக்குப் போவலாம்ல, கிராணி ஐயா?" என்று கேட்டார். "போ, போ. நெருப்புப் போட ஒரு படிப்பா? யாரு வேணும்னாலும் போடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிள் ஏறினார். அந்த யாரு வேணும்னாலும் நான்தான், ஐயா. நானாகவே முன்வந்தேன்.

5. "அண்ணே, சிரட்டை மட்டும் போடுங்க. மட்டையத் தொட்டா பொகைஞ்சிரும்" என்று அஞ்சலை எச்சரித்தே போனார். எனக்குப் பெண்பிள்ளை சொல்வதா? சீக்கிரம் முடியட்டுமென்று மட்டையை வாரிப் போட்டேன். இரண்டாயிரம் காய்க் கொப்பரை கரியானது.

6. மறுநாள் கிராணியார், அஞ்சலை வேண்டுமென்றே மட்டையைத் திணித்துவிட்டுப் போனதாகக் குற்றம் சாட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். என்றும் ஓயாத என் வாய் அன்று திறக்கவில்லை. அஞ்சலையும் என் பெயரைச் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு, "ஒங்களுக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க, அண்ணே" என்று மட்டும் சொன்னார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்; கணவர் இல்லை.

7. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை அது அல்ல என்பதற்கு நானே அத்தாட்சி. அது விவசாயமா, ஆலை வேலையா என்பதைத் தாங்களே சூளை முன் நின்று தீர்மானித்து, அவருடைய ஓவர்டைமை வாங்கித் தர வேண்டும். கெட்ட சரக்குக்கு என் கூலியைப் பிடிக்கட்டும்.

வரும் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அஞ்சலையின் கணக்கை முடிக்கிறார்கள். அதற்கு முன் தாங்கள் வந்து தடுக்க வேண்டுமெனக் கைகூப்பிக் கேட்கிறேன். இம்மனுவைக் கிராணியாரிடம் தாராளமாகக் காட்டலாம், கையெழுத்து என்னுடையதே.

காஜா பேராங்,
12.8.1958

சு. பொன்னுதுரை